ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போன என் பை

திருச்சி ஜங்ஷனில் ரயில் என்னை இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. திருப்பூரில் ஏறியதிலிருந்து கண் மூடவில்லை. மூடினால் திருச்சியைத் தவறவிட்டு மன்னார்குடிக்குப் போய்விடுவேன் என்று பயம். எதிர் சீட்டில் இருந்த பெரியவர், “தூங்கும்மா, திருச்சி வந்தா நான் எழுப்புறேன்” என்றார். அவரும் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று, வழி நெடுக அவரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நான் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். படித்தது எட்டாவது வரைக்கும். அதற்குப் பிறகு பனியன் கம்பெனி, செக்கிங் செக்‌ஷன். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும், இரவு அதே முனையில் இறக்கிவிடும். மற்றபடி எந்த ஊருக்குப் போனாலும் என் அண்ணன் சண்முகத்தின் கார்தான். அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் காரில் ஸ்ரீரங்கமும் ஒருதரம் வந்திருக்கிறேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம், கார் கதவு திறந்ததும் ஒரு பெரிய கோபுரம், “பார்க்கிங் இல்ல, அரை மணி நேரத்துல வந்துருங்க” என்ற குரல், அவ்வளவுதான். வழியில் நிறுத்த முடியாதென்று முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க விடமாட்டார்.

இந்தத் தடவை தனியாக வந்ததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். எங்கள் செக்கிங் டேபிளில் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். தீபாவளி லீவில் எட்டுப் பேரும் ஆண் துணை இல்லாமல், கார் இல்லாமல், ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய் வருவது என்று பேசிக்கொண்டோம். வீட்டுக்கு வீடு சண்டை. கடைசியில் எட்டுப் பேரில் ஒருத்தியான மரகதத்தின் மாமனார் ஒரு வார்த்தை சொன்னார்: “முதல்ல ஒருத்தி போயிட்டு முழுசாத் திரும்பி வரட்டும். அப்புறம் பேசலாம்.” மற்ற வீடுகளும் அதையே பிடித்துக்கொண்டன. அந்த ஒருத்தி யார் என்றதும் ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் இறந்துபோய், மகன் ஹாஸ்டலில் இருக்க, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாதவள் நான் ஒருத்திதான். “அதுவுமில்லாம சரசு, நீயே போயிட்டு வந்துட்டீன்னா அப்புறம் யாரு போக முடியாது?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன்.

ஆகவே நான் தொலைந்தால் நான் மட்டும் தொலைய மாட்டேன். எட்டுப் பேரின் பயணமும் தொலையும்.

காலை ஆறரை மணி. வெயிட்டிங் ரூமில் முகம் கழுவி, தலை சீவி, வெளிச்சம் வந்த பிறகுதான் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தேன். வாசலிலேயே ஒரு ஆட்டோக்காரர். ஸ்ரீரங்கத்துக்கு முந்நூறு என்றார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். “இந்நேரத்துக்குப் பஸ் ஏதும்மா” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவரும் திரும்பிப் பார்த்தார். “அது கூட்டமா இருக்கும்” என்றார்.

ஸ்டேஷனிலிருந்து மத்திய பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான். ஸ்ரீரங்கம் போவது ஒன்றாம் நம்பர். சுமார் ஒன்பது கிலோமீட்டர். பாலக்கரை, மெயின்கார்ட் கேட், சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்கோவில், பிறகு ஸ்ரீரங்கம். ஒன்றின் பின்னால் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அரசுப் பஸ்ஸும் உண்டு, தனியார் பஸ்ஸும் உண்டு. முகப்பில் ரோஸ் கலர் அடித்த அரசுப் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. தனியார் பஸ்ஸில் காசும் உண்டு, பாட்டும் உண்டு.

வழி கேட்க எனக்கு ஒரு முறை இருக்கிறது. மூன்று பேரிடம் கேட்பேன். சும்மா நிற்பவரிடம் கேட்கமாட்டேன், அவருக்கு வழி சொல்வதுதான் பொழுதுபோக்கு. சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பெண்களிடம் கேட்பேன். தினமும் போகிறவர்கள் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு முதலில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரிடமே கேட்டேன், இது ஸ்ரீரங்கம் போகுமா என்று. போர்டில் லைட் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் வந்து நான் எழுத்துக் கூட்டுவதற்குள் இங்கிலீஷ் வந்துவிடுகிறது.

“போர்டுல என்னம்மா போட்டிருக்கு?”

“ஸ்ரீரங்கம்னு போட்டிருக்குங்க.”

“அப்போ அங்கதான் போகும்.”

அது போதாதா? எனக்குப் போதவில்லை. இன்னும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறினேன். அதற்குள் எல்லா சீட்டும் நிரம்பிவிட்டது.

நின்றேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் என் பச்சைப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. பையில் மாற்றுப் புடவை, மருந்து, ஆதார் அட்டை, திரும்பிப் போகும் ரயில் டிக்கெட், செல்போன். பணம் மட்டும் பர்ஸில் போட்டு ஜாக்கெட்டுக்குள். கண்டக்டர் காசு வாங்காமல் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போனார். பாலக்கரையில் கூட்டம் ஏறியது. ஏறினவர்கள் என்னைத் தள்ள, நான் யார் மேலோ சாய, பை சன்னலோரத்தில் பர்தா போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் முகத்தில் இடித்தது. என் வயதுதான் இருக்கும்.

“பையக் குடுங்க” என்றார்.

பரவாயில்லை என்றேன். அடுத்த வளைவில் மறுபடி இடித்தது. மறுபடி கேட்டார், மறுபடி பரவாயில்லை என்றேன்.

“உங்களுக்குப் பரவாயில்லங்க, என் மூக்குக்குப் பரவாயில்லையா? குடுங்க. எடுத்துக்கிட்டு சன்னல் வழியாவா குதிக்கப் போறேன்?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். நிற்கிறவர்கள் யார் கையிலும் பையே இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவர் மடியிலும் இரண்டு மூன்று இருந்தன. ஒருத்தி மடியில் ஸ்கூல் பை, சாப்பாட்டுக் கூடை, அதற்கு மேல் யாரோ ஒருவருடைய பூச்சரக் கவர். இந்த ஊரில் டிக்கெட் வாங்குவது மாதிரி இதுவும் ஒரு நடைமுறை. நான் மட்டும்தான் என் சொத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊரார் மூக்கையெல்லாம் உடைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தேன். கை லேசானது. காவிரிப் பாலத்தை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, குனிந்து, சன்னல் வழியாக நன்றாகப் பார்த்தேன். தண்ணீர் ஓரமாக ஓடியது, மீதியெல்லாம் மணலும் நாணலும். பாலத்துக் காற்று பஸ்ஸுக்குள் புகுந்து எல்லோர் தலையையும் கலைத்தது.

நான் முதலில் இறங்க வேண்டியது திருவானைக்கோவில். பாலம் முடிந்ததும் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஸ்டாப்பை விட்டுவிட்டால்? கதவுக்கு அருகில் போவதற்குள் பஸ் எடுத்துவிட்டால்? மாம்பழச்சாலையிலேயே கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்வாசலுக்கு வந்துவிட்டேன். “திருவானைக்கோயில்லாம் எறங்கு” என்று கண்டக்டர் குரல் கேட்டதும், பஸ் முழுசாக நிற்பதற்கு முன்னே காலைக் கீழே வைத்தேன். விசில் அடித்தது, பஸ் போனது.

சாதித்துவிட்டேன் என்று நின்றேன். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். பிறகு தோளில் பையை மாட்டக் கையைத் தூக்கினேன். மாட்ட ஒன்றும் இல்லை.

அப்போது எனக்கு வந்த முதல் நினைப்பு பையைப் பற்றி இல்லை. மரகதத்தின் மாமனார் ஈஸிசேரில் சாய்ந்து, “நான் சொல்லல?” என்று கேட்பது கண்ணில் தெரிந்தது. ஸ்டாண்டில் நின்ற ஒரு ஆட்டோக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இருநூறு கொடுங்க, விரட்டிப் பிடித்துவிடலாம் என்றார். கை ஜாக்கெட்டுப் பக்கம் போனது. போன கை பாதியில் நின்றது. டவுன் பஸ்ஸில் தொலைத்துவிட்டு ஆட்டோவில் தேடினேன் என்று சொன்னால், மற்ற ஏழு பேருக்கும் நான் சொல்லப்போகிற பாடம் என்ன? பஸ் போகும், ஆனால் ஆட்டோவுக்கும் காசு வைத்துக்கொள் என்பதா? அடுத்த பஸ் அங்கேயே வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினேன்.

அது தனியார் பஸ். பாட்டுச் சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. ஏறினதும் கண்டக்டரிடம் சொன்னேன். முன்னால் போன பஸ்ஸில் பையை விட்டுவிட்டேன் என்று நான் கத்தினது அவருக்குக் கேட்கவில்லை, பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. அவர் டிரைவரிடம் ஏதோ சைகை காட்டினார். பாட்டு நின்றது. திருச்சி தனியார் பஸ்ஸில் பாட்டை நிறுத்துவது என்றால் அது சாவு விழுந்த மாதிரி. மொத்தப் பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு ஆளாளுக்கு விசாரணை. எந்தக் கம்பெனி பஸ், அரசா தனியாரா, கண்டக்டர் ஒல்லியா குண்டா. காசு வாங்காத அரசுப் பஸ் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. வைத்திருப்பவர் யார் என்று கேட்டார்கள். பர்தா போட்ட அம்மா, சன்னல் ஓரம், மூக்கைப் பற்றிச் சண்டை போட்டார் என்றேன்.

நர்ஸ் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். “மன்னார்புரத்துலேர்ந்து வருவாங்களே, ஜவுளிக்கடைல வேலை பாக்குறவங்க, ஜைத்தூன் அக்காவா?”

பெயர் தெரியாது என்றேன்.

“குடுக்கலன்னாலும் புடுங்கி மடில வச்சுக்குவாங்களா?”

“ஆமாங்க.”

“அப்போ அவங்கதான். உங்க பை பேங்க் லாக்கர்ல இருக்குன்னு வச்சுக்கங்க.”

அவளிடம் ஜைத்தூனின் நம்பர் இருந்தது. போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. பைக்குள் இருந்த என் போன் நம்பரைச் சொன்னேன், அது பிஸி என்று வந்தது. லாக்கர் என்றவள், இப்போது அக்காவுக்குப் போன் சத்தம் வண்டியில் கேட்காதோ என்னவோ என்றாள். கண்டக்டர் டிரைவரிடம் அடிச்சு ஓட்டுண்ணே என்றார். டிரைவர், அரசுப் பஸ்ஸைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி ஓட்டினார். இத்தனை உதவிக்கும் நடுவில் கண்டக்டர் என்னிடம் பத்து ரூபாய் வாங்கி டிக்கெட் கிழிக்க மறக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டு வரவில்லை, பயணியாகத்தான் வந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். நிழற்குடைக்கு வெளியே, வெயிலில், கறுப்புப் பர்தாவும் என் பச்சைப் பையுமாக ஜைத்தூன். அவர் காதில் என் செல்போன். அவருடைய போன் அவர் கைப்பைக்குள் அலறிக்கொண்டிருந்தது. நர்ஸ் பெண் சன்னல் வழியாக, “நான்தாங்க்கா அடிக்கிறேன்” என்று கத்திவிட்டு, கையசைத்துவிட்டுப் போனாள்.

என்னைக் கண்டதும் ஜைத்தூன் போனுக்குள், “வந்துட்டாங்க. முழுசாத்தான் இருக்காங்க. வைக்கிறேன்” என்று சொல்லி வைத்தார். பிறகு என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். பையைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், இறங்கும்போது அந்த முகத்தைத் தேட வேண்டும், நீங்கள் இரண்டுமே செய்யவில்லை, நான் பஸ்ஸுக்குள் இருந்து கத்தினதும் உங்கள் காதில் விழவில்லை என்றார். கடை திறக்க நேரமாகிவிட்டது, முதலாளி இன்றைக்குப் பேசப்போகிறார் என்றார். பையைத் திறக்கவில்லை, போன் விடாமல் அடித்ததால் அதை மட்டும் எடுத்தேன், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எண்ணவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணன்னு பேரு வந்துச்சு, எடுத்தேன். அல்லாவே, என்னா சத்தம். நீங்க எறங்கிட்டீங்க, பை எங்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லுறேன், காதுலயே போட்டுக்கல. ஒண்ணு சொல்லட்டுமா, கோச்சுக்காதீங்க. நீங்க காணாமப் போனதுல அவருக்கு ஒரு சந்தோஷம் மாதிரி இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அவர் வேக வேகமாகக் கடைத்தெருவுக்குள் போய்விட்டார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. என்னால் இத்தனை வருஷமாகச் சொல்ல முடியாததை, ஐந்து நிமிஷம் போனில் பேசினவர் சொல்லிவிட்டார்.

அண்ணன் உடனே கூப்பிட்டார். கரூருக்கு ஒரு பார்ட்டியை ஏற்றி வந்திருக்கிறாராம். அவர்களை இறக்கிவிட்டு மதியத்துக்கு மேல் திருச்சி வந்துவிடுவாராம். தங்கையை நினைத்து அவருக்கு வந்த பயம் பொய் இல்லை, குரலில் தெரிந்தது. ஆனால் அதற்குள் மரகதம் வீட்டுக்கும் இன்னும் இரண்டு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

“அந்தக் கோபுரத்துக்கு முன்னாடி ஒரு இடம் பாத்து உக்காந்துக்க புள்ள. எங்கயும் நகராத. நான் வந்து கூட்டிக்கிறேன்.”

மணி அப்போது எட்டு. மதியம் வரைக்கும் நான் கோபுர வாசலில் உட்கார வேண்டும், தொலைந்து கிடைத்த பை மாதிரி, உரியவர் வந்து எடுத்துப் போகும்வரை.

“நான் உக்கார மாட்டனுங்கண்ணா. பை போச்சு, வந்துருச்சு. பஸ்லதான் போச்சு, பஸ்லதான் வந்துச்சு. நீங்க வந்தா சாமி கும்பிட்டுட்டுப் போங்க. எனக்காக வர வேண்டாம்.”

அண்ணனிடம் நான் அப்படிப் பேசியதில்லை. வைத்துவிட்டு ஒரு காபி குடித்தேன். தண்ணீர் இரண்டு டம்ளர் குடித்தேன்.

பிறகு எல்லாம் நினைத்தபடி நடந்தது. பொது தரிசன வரிசையில் நின்றேன். வரிசையில் முன்னால் நின்ற உள்ளூர்ப் பெண், பெருமாள் பாதத்திலிருந்து பார்த்துக்கொண்டே மேலே போங்கோ, முகத்தில் ஆரம்பித்தால் பாதம் கிடைக்காது, தள்ளிவிடுவா என்று சொல்லித் தந்தார். அப்படியே பார்த்தேன். தாயார் சன்னிதிக்குப் போனேன். யாரும் பார்க்கிங் என்று கூப்பிடவில்லை. மணல் வெளியில் உட்கார்ந்து கால் நீட்டினேன். பிறகு வேண்டுமென்றே, பையை விட்ட அதே திருவானைக்கோவிலுக்கு பஸ் ஏறி, உச்சிகாலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு அம்மனாக நடந்து வந்து சிவனுக்குப் பூஜை செய்கிறார், யானை முன்னால் வருகிறது. காரில் வந்தபோது இந்தக் கோயில் வழியில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அங்கிருந்து சத்திரம். ஒரு சின்ன மெஸ்ஸில் தொண்ணூறு ரூபாய்க்குச் சாப்பாடு, வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. அங்கிருந்து மலைக்கோட்டைக்கு நடந்தே போகலாம். படிகள் நானூற்றுக்கு மேல் என்கிறார்கள். நான் எண்ணவில்லை, திட்டிக்கொண்டே ஏறினேன். உச்சிப் பிள்ளையார் சன்னிதிக்கு வெளியே கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றால் ஊர் முழுக்கத் தெரிகிறது. காவிரி, பாலம், பாலத்தின் மேல் தீப்பெட்டி தீப்பெட்டியாகப் பஸ், அந்தப் பக்கம் தென்னை மரங்களுக்கு மேலே ஸ்ரீரங்கம் கோபுரம்.

மணி இரண்டரை இருக்கும். போன் அடித்தது. அண்ணன் கோபுரத்துக்கு முன்னால் நிற்கிறார்.

“எங்க இருக்க புள்ள?”

“மலைக்கோட்டை மேல. நீங்க நிக்கிற கோபுரம் இங்கிருந்து தெரியுதுங்கண்ணா.”

அங்கே காரைக் கொண்டுவந்தால் எங்கே நிறுத்துவது என்று கேட்டார். கீழே கடைத்தெருவில் கால் வைக்கவே இடமில்லை, காரை அங்கேயே போட்டுவிட்டு ஒன்றாம் நம்பர் பிடித்து வாருங்கள், சத்திரத்தில் இறங்கினால் நான் வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை. மேலே காற்று அப்படி இருந்தது, அவரும் பார்க்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

“நான் பஸ்லயா?” என்றார். அப்புறம், “எப்படியோ போய்த் தொலை” என்று சொல்லி வைத்துவிட்டார். தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு திருப்பூர் போனார். இப்போதும் சரியாகப் பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். பேசும்போது பேசுவார்.

மாலை ஐந்து மணி. ஜங்ஷனில், கோவை போகும் ரயிலில் என் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் எட்டுப் பேர் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, அண்ணன் முந்திக்கொண்டார். பையை விட்டேன் என்றேன். ஏன் விட்டேன் என்றும் சொன்னேன். ஆட்டோ பிடிக்கவில்லை என்றேன். ஜைத்தூனைச் சொன்னேன், நர்ஸ் பெண்ணைச் சொன்னேன், பாட்டை நிறுத்தின பஸ்ஸைச் சொன்னேன். நம் கம்பெனி வேனில் ஆளுக்கொரு சீட்டு இருக்கிறது, யாரும் நின்று வருவதில்லை, அதனால் பக்கத்துச் சீட்டுக்காரி பையில் என்ன கனம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்றேன். மரகதம், உங்க மாமனார்கிட்ட சொல்லு, ஒருத்தி முழுசா வந்துகொண்டிருக்கிறாள் என்றேன்.

கரூர் வரும்வரை பதில் வந்துகொண்டே இருந்தது. மூன்று பேர் பின்வாங்கிவிட்டார்கள். பையே போகுமென்றால் எங்கள் வீட்டில் விடமாட்டார்கள் என்றாள் ஒருத்தி. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று பேர் வருகிறேன் என்றார்கள். மரகதத்திடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. எங்கள் எல்லோரிலும் பயந்தவள் யார் என்றால் எனக்கு அடுத்து அவள்தான்.

ஈரோடு தாண்டி அவள் குரல் வந்தது. பக்கத்தில் மாமனார் ஏதோ சத்தம் போடுவதும் அதில் கேட்டது. “அக்கா, நான் வரேன். நீங்க எல்லாரும் நின்னுக்கங்க. நான் சன்னலோரம் உக்காந்து எல்லார் பையையும் மடில வச்சுக்கறேன்.”

ஒன்றாம் நம்பரில் இடம் பிடித்துத் தர என்னால் ஆகாது, மற்றவர்கள் மாதிரி நின்று வரப் பழகிக்கொள் என்று பதில் போட்டேன்.